கேள்விக் கொப்பியை வைத்துத் தரவுத்தளம் தேர்ந்த கதை

போன கிழமை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து, "மிஸ், கச்சான் செடி அடியில அழுகிச் சாகிற வருத்தத்துக்கு ஏதும் கட்டுரை இருக்கா?" என்று கேட்டாள். கணினியைக் காட்டிவிட்டு நான் என் பாட்டில் இரவல் பதிவை எழுதிக்கொண்டிருந்தேன். 4 நிமிடம் 20 செக்கனில் முழுக் கட்டுரை அவள் முன்னால் திறந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னர் கிட்டத்தட்ட இதே கேள்விக்கு, ஆண்டுக்கு 900 டொலர் கட்டி வாங்கிய சஞ்சிகைக் கட்டுரைத் தரவுத்தளத்தில் முக்கால் மணித்தியாலம் தேடி, கடைசியில் ஒரு பந்திச் சுருக்கத்தை அச்செடுத்துக் கொடுத்து அனுப்பியவள் நான். இடையில் என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் நூலகம் கிளிநொச்சிப் பக்கம், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சிறிய விவசாயப் பயிற்சி நிலையத்தில் இருக்கிறது. மாணவர்கள் 210 பேர், விரிவுரையாளர்கள் 13 பேர். நூலகத்தில் நானும் கவுண்டரில் ஒரு தம்பியும். 3 கணினிகள். யன்னல் கம்பியில் டவர் இருக்கிற திசை பார்த்துக் கட்டிவைத்த ஒரு 4ஜி ரவுட்டர். புத்தகங்களில் பாதி 2009க்குப் பிறகு நன்கொடையாக வந்தவை. நல்ல மனதோடு அனுப்பியவைதான், ஆனால் பூச்சிநாசினி பற்றிய புத்தகம் ஒன்று நான் பிறக்க முன்னரே அச்சானது.

ஆகவே 2021 தொடக்கத்தில் நிலையப் பொறுப்பாளர் சேர், "ஒன்லைன் சஞ்சிகைகளுக்குப் போவோம்" என்றதும் எனக்கு நல்ல சந்தோஷம். மூன்று விலைமனு எடுத்தோம். நான் செய்த முதல் பிழை அங்கேதான். மூன்றையும் மேசையில் வைத்து, எந்தத் துண்டுப்பிரசுரத்தில் சஞ்சிகைகளின் எண்ணிக்கை கூட என்று பார்த்தேன். ஒன்றில் 12,000க்கு மேல் என்று பெரிய எழுத்தில் இருந்தது. முகவர் வந்து தன்னுடைய மடிக்கணினியில், தன்னுடைய இணைப்பில், 'ரைஸ்' என்று அடித்துக் காட்டினார். பல ஆயிரம் முடிவுகள் வந்தன. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. 'ரைஸ்' என்று தேடினால் எங்கேயும் பல ஆயிரம் வரும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். டொலர் அப்போது 200 ரூபாய். 900 டொலர், 180,000 ரூபாய். மே மாதம் சந்தா தொடங்கியது.

இரண்டாவது பிழை ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் இலக்கம். இந்தத் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை கடவுச்சொல் கேட்பதில்லை. உங்கள் இணைப்பின் ஐபி முகவரியைப் பதிந்து வைத்து, அதிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடும். முகவர் எங்கள் முகவரியைக் கேட்டார். நான் கணினியில் அமைப்புகளைத் திறந்து, அங்கே கிடந்த 192.168.8.101ஐ எழுதி அனுப்பிவிட்டேன். அது ரவுட்டர் வீட்டுக்குள் கொடுக்கிற இலக்கம். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே மாதிரி இலக்கங்கள் உண்டு. மூன்று நாள் கழித்து மரியாதையான ஒரு மறுமொழி வந்தது. பிறகு வெளி முகவரியைக் காட்டும் தளத்தில் பார்த்து அதை அனுப்பினேன். இரண்டு நாள் வேலை செய்தது. ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டதும் முகவரி மாறிவிட்டது. 4ஜி இணைப்பில் நிறையப் பேர் ஒரே வெளி முகவரியைப் பகிர்வார்கள், அதுவும் நிலையாக நிற்காது. நிலையான முகவரிக்கு மாதக் கட்டணம் வேறு. அதை விலைமனுவில் யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்குள் மே கடைசியில் நாடு முழுக்கப் பயணத் தடை. மாணவர்கள் துணுக்காயிலும் பூநகரியிலும் ஒட்டுசுட்டானிலும் அவரவர் வீட்டில். நூலகத்துக்குள் இருந்தால்தான் திறக்கும் தரவுத்தளம் நூலகத்தில். சாவி என்னிடம், நானும் வீட்டில். ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை திரும்பவும் ஊரடங்கு. அந்த வருடம் வேறு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, சேதனப் பசளை பற்றி எல்லோரும் எங்களையே கேட்ட வருடம். நவம்பரில் தடையை எடுக்கும்வரைக்கும் எனக்கு வந்த போன் அழைப்புகளில் பாதி அதுதான். கடைசியில் மன்றாடி ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கினோம். ஒரே நேரத்தில் 3 பேர் உள்ளே போகலாம் என்று. அதை வாட்ஸப் குழுவில் போட்டேன். நாலாவது ஆளுக்கு எப்போதும் கதவு பூட்டு.

2022 ஏப்ரலில், புதுப்பிக்க முன்னம், பாவனை அறிக்கையைக் கேட்டு எடுத்தேன். இதற்கு 'கவுண்டர்' என்று உலகம் முழுக்க ஒரே கணக்குமுறை இருக்கிறது. அதன் ஐந்தாவது பதிப்பு 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விற்பவர் அதன்படி தராமல் தன் சொந்தக் கோலத்தில் தந்தால் வாங்க வேண்டாம், ஒப்பிடவே முடியாது. முகவர் போனில், "மிஸ், உங்கட ஆக்கள் 1,912 தரம் தேடியிருக்கினம், நல்ல பாவனை" என்றார். தேடினது சரி, எடுத்தது எத்தனை? முழுக்கட்டுரைக் கோரிக்கை மொத்தம் 63. ஆனால் ஒரே கட்டுரையை முதலில் வலைப்பக்கமாகத் திறந்து, பிறகு பிடிஎஃப்பாக இறக்கினால் 'மொத்தம்' நிரலில் இரண்டாக விழும். 'தனித்த' நிரலில் ஒன்றுதான். தனித்த நிரலில் 41. 180,000ஐ 41ஆல் வகுத்தால் ஒரு கட்டுரை 4,390 ரூபாய். இன்னும் சொல்லப்போனால், அந்த 41இல் 17 நான் மாணவர்களுக்குப் பழக்கிக் காட்டிய இரண்டு நாட்களில் வந்தவை. அதே அறிக்கையில் இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு தனி வரி உண்டு. அதில் 118 இருந்தது. அந்த வரியைத்தான் நான் மாதாமாதம் பார்த்திருக்க வேண்டும்.

சரி, 12,000 சஞ்சிகைக்கு என்ன நடந்தது? இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் போனது. வாங்க முன்னரே செய்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். முகவரிடம் தலைப்புப் பட்டியலை எக்செல் கோப்பாகக் கேட்டால் தருவார்கள், தரவேண்டும். 12,140 வரிகள். முழு உரை இருப்பவை 5,310. மற்றதெல்லாம் சுருக்கம் மட்டும். விவசாயம், கால்நடை என்று வடிகட்டினால் முழு உரையோடு 288. அதில் 131க்குப் பக்கத்தில் '12 மாதம்' என்றோ அதைவிடக் கூடவோ போட்டிருந்தது. புதிய இதழ் வந்தாலும் அவ்வளவு காலம் கழித்துத்தான் திறக்கும் என்று அர்த்தம். வரலாறு, மொழி படிப்பவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. ஜேஸ்டோர் என்ற சஞ்சிகைத் தளத்தில் மூன்று, ஐந்து வருடம் பிந்துவது சாதாரணம், யாரும் குறைப்படுவதில்லை. படைப்புழு 2018இல் இலங்கைக்குள் வந்தது. அப்படி ஒரு புழு சோளத்தில் ஏறுகிற வருடத்தில் போன வருடத்துச் சஞ்சிகையை வைத்து நான் என்ன செய்வது? ஆக, நடப்பு இதழோடு மிஞ்சியது 157.

அந்த 157இல் எத்தனை எப்படியும் இலவசமாகக் கிடைப்பவை? 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டிஓஏஜே என்ற திறந்த அணுக்கச் சஞ்சிகைப் பட்டியல் இருக்கிறது. அதன் முழுப் பட்டியலையும் காசில்லாமல் கோப்பாக இறக்கலாம். இரண்டு பட்டியலையும் ஐஎஸ்எஸ்என் இலக்கத்தை (ஒவ்வொரு சஞ்சிகைக்கும் உரிய எட்டு இலக்க எண்) வைத்துப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். எக்செலில் 'கவுண்ட்இஃப்' என்ற எண்ணும் சூத்திரத்தைப் போட்டேன். பொருத்தம் பூச்சியம். ஒன்றுகூட இலவசமில்லை, அப்படியானால் நல்ல சாமான்தான் வாங்கியிருக்கிறேன் என்று அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாள்தான் கண்ணில் பட்டது. டிஓஏஜே பட்டியலில் இலக்கத்துக்கு நடுவே சிறு கோடு இருக்கிறது, முகவருடையதில் இல்லை. இடது 4, கோடு, வலது 4 என்று ஒரு சூத்திரம் எழுதினேன். 41 பொருந்தியது. ஆனால் வரிகளை ஓடவிட்டுப் பார்த்தபோது சில இலக்கங்கள் விசித்திரமாக இருந்தன. நேச்சர் இதழின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள், 0028-0836. கோடில்லாமல் வந்தால் எக்செல் அதை ஒரு தொகை என்று நினைத்து முன்னால் உள்ள பூச்சியங்களைத் தின்றுவிடும்; 280836 ஆகிவிடும். அதில் இடது 4, வலது 4 எடுத்தால் 2808-0836. அப்படி ஒரு சஞ்சிகையை நான் தேடவேயில்லை. எட்டு இலக்கம் வரும்வரை முன்னால் பூச்சியம் நிரப்பிவிட்டுத்தான் கோடு போட வேண்டும். செய்ததும் 58. கடைசிச் சிக்கல், ஒரே சஞ்சிகைக்கு அச்சுக்கு ஓர் எண், மின்வடிவத்துக்கு வேறோர் எண் (நேச்சருக்கு மின்வடிவ எண் 1476-4687). முகவர் பட்டியலில் அச்சு எண், மற்றதில் சிலவற்றுக்கு மின்வடிவ எண் மட்டும். இரண்டு நிரலையும் பார்க்கச் சொன்னதும் 74.

157இலிருந்து 74ஐக் கழித்தால் 83. துண்டுப்பிரசுரத்தின் 12,000 எங்கள் அறைக்குள் வந்து சேரும்போது 83 ஆகியிருந்தது.

மே மாதம் புதுப்பித்தல் கடிதம் வந்தது. 5 வீதம் கூட்டி 945 டொலர். ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் ஆண்டுதோறும் விலை கூடலாம் என்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மாதம் டொலர் 360. கணக்காளர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 340,200. நான் ஒன்றும் பேசவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற மாதம் அது. சந்தா நின்றது. நின்ற மறுநாளே, நாங்கள் காசு கட்டிய அந்த வருடத்து இதழ்களும் சேர்த்துப் போய்விட்டன. நாங்கள் வாங்கியிருந்தது வாடகை, சொத்தில்லை. காசு கட்டிய ஆண்டின் இதழ்களை நிரந்தரமாகத் தரும் ஒப்பந்தங்களும் உண்டு என்று பிறகுதான் படித்தேன்.

அந்த வருட நடுவில் இரண்டாம் முயற்சி. இந்த முறை முறைப்படி செய்வோம் என்று 10 அளவுகோல், மொத்தம் 100 புள்ளி என ஒரு பெரிய அட்டவணை தயாரித்தேன். உள்ளடக்கத்துக்கு 25, இடைமுகத்துக்கு 10, விற்பவரின் பெயருக்கு 5 என்று. இரண்டு விரிவுரையாளர்களும் நானும் புள்ளி போட்டோம். பார்த்த எல்லாத் தரவுத்தளங்களும் 68க்கும் 74க்கும் இடையில் வந்து நின்றன. இது பாடசாலைப் பேச்சுப்போட்டியில் நடுவர் புள்ளி போடுகிற மாதிரி, யாரையும் நோகடிக்காது, யாரையும் தெரிவு செய்யவும் உதவாது. அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். அதன் பின்பக்கம் இன்னும் குறிப்புத் தாளாக ஓடுகிறது.

வேலை செய்தது ஒரு 80 பக்கக் கொப்பி. செப்டெம்பரிலிருந்து டிசெம்பர் வரைக்கும், கவுண்டருக்கு யார் என்ன கேட்டாலும் கேட்ட சொல்லிலேயே எழுதச் சொன்னேன். தம்பிக்கு முதல் கிழமை பிடிக்கவில்லை. "மிஸ், எல்லாரும் நோட்ஸ்தான் கேக்கினம், அதையும் எழுதிறதோ?" அதையும் எழுது என்றேன். நாலு மாதத்தில் 46 உருப்படியான கேள்விகள். பூநகரிப் பக்கம் உவர் ஏறின வயலுக்கு எந்த நெல். காலபோகத்தில் நெல்லுக்குக் கபில நிறத் தத்தி வந்தால் எந்தக் கட்டத்தில் மருந்து. மிளகாய் இலை சுருளுவது வைரசா, இலைப்பேனா. மாட்டுக்குக் கால்-வாய் நோய் ஊசி போட்டும் ஏன் திரும்ப வருகிறது. 5 கேள்விகள் விவசாயமேயில்லை. ஒன்று இரணைமடுக் குளம் கட்டிய காலத்தைப் பற்றி. ஒருவர், மாணவருமில்லை, வெளியில் இருந்து வந்த கமக்காரர், தென்னைக்கு விழுகிற வெள்ளை ஈ பற்றிக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரலாமா என்று.

அவரை வைத்துத்தான் தரவுத்தளத்துக்கான எங்கள் நிபந்தனைகளில் ஒன்று சேர்ந்தது: பதிவு செய்யாமல் நேரில் வந்து உட்காருபவரும் பாவிக்க ஒப்பந்தம் இடம் தர வேண்டும். முந்திய ஒப்பந்தத்தில் 'மாணவர், ஊழியர்' மட்டும்.

தரவுத்தளங்களைச் சோதிக்க அந்த 46 கேள்விகளில் 24ஐ எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி: ஒன்றும் கிடைக்காவிட்டால் 0, சுருக்கம் மட்டும் என்றால் 1, முழு உரை வந்தும் நம் நிலத்துக்கு உதவாது என்றால் 2, மாணவன் வாசித்துப் பாவிக்கலாம் என்றால் 3. உச்சம் 72. தேடுவது நானில்லை, மூன்று மாணவர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நூலகர் தேடினால் எந்தத் தரவுத்தளமும் நல்லாகத்தான் இருக்கும்.

அவர்கள் தேடுவதைப் பின்னால் நின்று பார்த்தபோது, குற்றம் முழுக்கத் தரவுத்தளத்தில் இல்லை என்பதும் விளங்கியது. ஒரு பொடியன் 'சேனா' என்று அடித்துவிட்டு ஒன்றும் இல்லை என்றான். படைப்புழுவுக்கு இங்கே எல்லோரும் சொல்கிற பெயர் அது, சிங்களத்திலிருந்து வந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கச்சானுக்கு ஒருத்தி 'கிரவுண்ட்நட்' என்று போட்டாள். அமெரிக்கக் கட்டுரைகள் எல்லாம் 'பீநட்' என்ற பெயரில் ஒளிந்திருந்தன. 'அராக்கிஸ் ஹைப்போஜியா' என்று விஞ்ஞானப் பெயரைப் போட்டதும் இரண்டும் சேர்ந்து வந்தன. கபில நிறத் தத்திக்கு 'நிலபர்வாட்டா லூகென்ஸ்', படைப்புழுவுக்கு 'ஸ்போடொப்டெரா ஃப்ருஜிபெர்டா'. ஊர்ப் பெயர், ஆங்கிலப் பெயர், விஞ்ஞானப் பெயர் என மூன்று நிரலில் 60 பயிர், பூச்சி, நோய்களை எழுதி லாமினேட் பண்ணி ஒவ்வொரு கணினிக்கும் பக்கத்தில் தொங்கவிட்டேன். 600 ரூபாய் செலவு. இந்த முழுக் கதையிலும் ஆகக் கூடப் பலன் தந்த செலவு அதுதான்.

2023 பெப்ரவரியில் கட்டணத் தரவுத்தளங்கள் இரண்டுக்கு 30 நாள் சோதனைக் கணக்கு கேட்டோம். முதலில் கிடைத்தது மாணவர் விடுமுறையில். திருப்பி எழுதி, தவணை நடக்கிற கிழமைகளுக்கு மாற்றுவித்தேன். அதிலும் ஒரு பொறி இருந்தது. சோதனைக் கணக்கில் எல்லாத் தொகுப்பும் திறந்திருக்கும், விலைமனுவில் ஒரு தொகுப்புதான் இருக்கும். கடையில் ருசி பார்க்கத் தந்தது வேறு, பொதி கட்டித் தருவது வேறு. விலைமனுவில் உள்ளதை மட்டும் திறந்து விடுங்கள் என்று கேட்டதும் ஒன்றின் புள்ளி 52இலிருந்து 38க்கு இறங்கியது.

நேரத்தையும் அளந்தோம். காலை 10.30, மூன்று கணினியும் ஒரேயடியாக, போனில் ஸ்டொப்வோச். தேடல் பெட்டியில் முதல் எழுத்து விழுவதிலிருந்து பிடிஎஃப்பின் முதல் பக்கம் தெரியும்வரை. கட்டணத் தளம் ஒன்றின் முகப்பில் ஓடுகிற படங்கள் இறங்கவே எங்கள் இணைப்பில் 50 செக்கன். அதன் கட்டுரையை நேரடியாகப் பிடிஎஃப்பாக எடுக்க முடியாது, அவர்களுடைய வாசிப்பானில்தான் ஒவ்வொரு பக்கமாகத் திறக்கும். மின்சாரம் போனால் பக்கமும் போகும்.

முடிவு இப்படி வந்தது. முதலாவது கட்டணத் தளம் 38, இரண்டாவது 31. டிஓஏஜே தனியே 29. 2008இலிருந்து இயங்குகிற இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத்தளம், எஸ்எல்ஜோல், தனியே 17. ஆனால் அந்த 17இல் பெரும்பகுதி 3 புள்ளிக் கேள்விகள். பூநகரி உவர் வயல் கேள்விக்கு மற்றத் தளங்கள் பங்களாதேசையும் வியட்நாமையும் கொண்டுவந்து தர, இங்கே உவர் தாங்கும் ஏடி 354 நெல்லில் செய்த ஆய்வு கிடைத்தது. உலக உணவு விவசாய நிறுவனத்தின் அக்ரிஸ், 1970களில் தொடங்கிய பெரிய சுட்டி. பெயர்களைக் கண்டுபிடிக்க நல்லது, பல இடத்தில் சுருக்கத்தோடு நின்றுவிடும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் நெல் அறிவுத்தளத்தை முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், மொழி எளிது. விவசாயத் திணைக்களத்தின் தமிழ்த் துண்டுப்பிரசுரங்கள் ஆய்வல்ல, ஆனால் 4 கேள்விக்கு அதுதான் சரியான விடை. (இரண்டு கேள்விக்குத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கமான 1920க்கு ஒரு போன் போதுமாயிருந்தது. அதை எந்த நிரலில் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.) இரணைமடுக் கேள்விக்கும் மற்ற ஊர்க் கேள்விகளுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம்.

இலவசமானவற்றையெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் கிடைத்த நல்ல விடையை எண்ணினால் 47. அதோடு கட்டணத் தளத்தையும் சேர்த்தால் 53. அந்த 6 புள்ளிக்காகத்தான் ஆயிரம் டொலர் கேட்கிறார்கள். எந்தக் கேள்விகள் என்று பார்த்தேன். மூன்றே மூன்று, மூன்றும் கால்நடைக் கேள்விகள். கட்டுரை எழுதியவர்களுக்கே மின்னஞ்சல் போட்டோம், இரண்டு பேர் அனுப்பிவைத்தார்கள். ஒருவர் நன்றி வேறு சொன்னார், யாரோ வாசிக்கிறார்களே என்று.

கட்டணத் தளம் வேண்டாம் என்று சேருக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். ஒரு விரிவுரையாளருக்குக் கோபம். காசு கட்டி வாங்காத நூலகத்தை யார் மதிப்பான் என்றார். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் சந்தா ரசீதைத்தான் கேட்கிறார்கள். கடிதத்துக்குப் பின்னால் 24 கேள்விகளையும் புள்ளிகளையும் இணைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் பிறகு பேசவில்லை.

காசு இருந்ததால் மூன்று வேலை செய்தோம். பழைய மடிக்கணினி ஒன்றுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு (11,500 ரூபாய்), யூபிஎஸ்ஸின் மின்கலத்தை மாற்றி (6,500), பழைய ரவுட்டர் ஒன்றை வாங்கி (4,000), இணையமே இல்லாமல் நூலகத்துக்குள் வைஃபையில் கிடைக்கிற ஒரு பெட்டி ஆக்கினோம். கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியா அதில் இருக்கிறது. பிரதி எடுத்துப் பகிர அனுமதிக்கிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் உள்ள கட்டுரைகள் 640ஐயும் ஏற்றினேன். டிஓஏஜே ஒவ்வொரு சஞ்சிகைக்கும் உரிமம் எது என்று காட்டும், அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். லாமினேட்டோடு சேர்த்து 22,600 ரூபாய். முதல் தரம் கோப்புகளை இறங்கிய பெயரிலேயே போட்டுவிட்டேன், எண்ணும் எழுத்துமாக. ஒருவரும் தொடவில்லை. 'மிளகாய் - இலைச்சுருள் - 2020' என்று ஒவ்வொன்றாக மாற்றப் பின்னேரங்களில் மூன்று கிழமை போனது.

மூன்று கணினியிலும் 'அன்பேவோல்' என்ற இலவச நீட்சியை ஏற்றியிருக்கிறேன். காசு கேட்கும் பக்கத்தில் நிற்கும்போது, அதே கட்டுரை சட்டப்படி வேறெங்காவது திறந்திருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டுக் காட்டும். "மிஸ், இது காசு கேக்குது" என்று எழும்பி வருகிறவர்கள் இப்போது பாதிதான். வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஆய்வுச் சஞ்சிகைகளைத் திறந்துவிடும் ரிசர்ச்4லைஃப் திட்டத்துக்கும் விண்ணப்பம் தயார் செய்தோம். அதன் பகுதிகளில் மருத்துவத்துக்கான ஹினாரி 2002இலும், விவசாயத்துக்கான அகோரா 2003இலும் தொடங்கியவை. இப்போது ஒரே வாசல். நாடுகளை இலவசம், குறைந்த கட்டணம் என்று இரண்டு பிரிவாக வைத்திருக்கிறார்கள். பதிப்பகங்கள் தம் விருப்பப்படி சில நாடுகளை விலக்கவும் செய்யும். ஆகவே அங்கேயும் தலைப்பு எண்ணிக்கையைப் பார்க்காமல், நம் நாட்டுக்குத் திறந்திருக்கும் பட்டியலை எடுத்து ஐஎஸ்எஸ்என் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். கடவுச்சொல்லை வாட்ஸப்பில் போட்டால் கணக்கையே முடக்குவார்கள். அந்தப் பழக்கத்தை நான்தான் முதலில் விட வேண்டும். விண்ணப்பம் மேலிடக் கையொப்பத்துக்காக நிற்கிறது.

திரும்பச் செய்வதென்றால் கொப்பியை இரண்டு போகமும் முழுக்க வைப்பேன். செப்டெம்பர் முதல் டிசெம்பர்வரை எழுதியதால் என் 24 கேள்விகளில் காலபோகம் நிறைந்துவிட்டது. சிறுபோகத்துப் பயறு, உழுந்து, எள்ளுக்கு ஒரு கேள்வியும் இல்லை. கேட்டவரின் பெயரில்லாமல் ஆண்டையும் பாடத்தையும் மட்டும் ஒரு நிரலில் எழுதச் சொல்வேன். மாணவர் மூவரையும் இறுதியாண்டிலிருந்து எடுத்ததும் பிழை, அவர்களுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். முதலாமாண்டில் ஒருத்தியாவது இருந்திருந்தால் 47 நிச்சயம் குறைந்திருக்கும்.

தென்னை வெள்ளை ஈ ஐயா போன மாதம் திரும்ப வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே பெட்டிக் கணினிக்குப் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தங்கச்சி, இதில தமிழில இருக்கிறதை மட்டும் எப்பிடிப் பாக்கிறது?" என்றார். 640இல் 11தான் தமிழ். தம்பி கொப்பியை எடுத்து அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டான், 31ஆம் பக்கத்தில்.